வீட்டுப் பட்டறையில் ஹைட்ராலிக் பவர் பேக்: பம்பும் இன்ஜினும் தேர்ந்தெடுப்பது எப்படி

ஹைட்ராலிக் பவர் பேக் என்பது இன்ஜினோ மோட்டாரோ பம்பைச் சுற்ற, பம்ப் தள்ளும் ஆயில் சிலிண்டரை நகர்த்துகிற அமைப்பு. அதைக் கட்ட ஆசைப்படுகிறவர்களில் பலர் முதலில் வாங்குவது இன்ஜினைத்தான். தோட்டத்தில் பழைய பம்புசெட் இன்ஜின் ஒன்று சும்மா கிடக்கும், அல்லது தெரிந்தவர் ஒருவர் மலிவாகத் தருவார். அப்புறம் சென்னை புதுப்பேட்டையிலோ உள்ளூர் பழைய இரும்புக் கடையிலோ கையில் கிடைத்த பம்பை வாங்கி இரண்டையும் கோர்த்துவிடுவார்கள். எதிரே எதுவும் இல்லாதபோது சிலிண்டர் அழகாகப் போய் வரும். பிளக்க வேண்டிய கட்டையைத் தொட்டதும் இன்ஜின் உறுமிவிட்டு நின்றுவிடும்.

வரிசை நேர் எதிராக இருக்க வேண்டும். என்ன வேலை, எவ்வளவு விசை, எவ்வளவு வேகம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதிலிருந்து சிலிண்டர், சிலிண்டரிலிருந்து பம்ப், பம்பிலிருந்து இன்ஜின். இன்ஜின் கடைசியாக வருகிற பொருள். இதற்கான கணக்கு எல்லாம் பெருக்கல், வகுத்தல்தான்.

விறகு பிளக்கும் இயந்திரம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். முதல்முறை கட்டுகிறவர்களுக்கு ஏற்ற வேலை அது: ஒரே சிலிண்டர், ஒரே வால்வு. டிப்பர் டிரெய்லரோ பட்டறை பிரஸ்ஸோ கட்டுகிறவர்களும் இதே வழியில் போகலாம்.

முதலில் விசை

சிலிண்டர் தள்ளும் விசை என்பது பிஸ்டனின் பரப்பை அழுத்தத்தால் பெருக்கினால் கிடைப்பது. ஒரு சதுர சென்டிமீட்டரில் 1 பார் அழுத்தம் ஏறக்குறைய 1 கிலோ விசை தரும். 63 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள சிலிண்டரின் பரப்பு சுமார் 31 சதுர சென்டிமீட்டர். 150 பாரில் அது 4.7 டன் தள்ளும். 100 மில்லிமீட்டர் சிலிண்டருக்குப் பரப்பு 78.5, அதே 150 பாரில் ஏறக்குறைய 12 டன்.

நேரான நார் உள்ள சிறு கட்டைகளுக்கு 5 டன் போதும். காய்ந்த புளியங்கட்டை, முடிச்சு விழுந்த வேம்பு, கருவேலம் என்றால் 12 டன்னுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். நான் 100 மில்லிமீட்டர் சிலிண்டர், 150 பார் என்ற ஜோடியையே பரிந்துரைப்பேன். சிறிய சிலிண்டரை வைத்து 220 பாருக்கு ஏற்றியும் விசையைப் பெறலாம்தான். ஆனால் அழுத்தம் ஏற ஏற ஹோஸ், பிட்டிங், சீல், பம்ப் எல்லாமே விலை கூடும், தவறுக்கான இடமும் குறையும். புதிதாகச் செய்கிறவர் 150 பாரில் நிற்பது நல்லது.

பிறகு வேகம்

சிலிண்டர் 500 மில்லிமீட்டர் நீளம் ஓட வேண்டும் என்றால் அதற்குள் போகிற ஆயில் 78.5 × 50 = 3,925 சிசி. ஏறக்குறைய 4 லிட்டர். இதை 12 விநாடியில் முடிக்க நிமிடத்துக்கு 20 லிட்டர் வேண்டும். 6 விநாடி வேண்டுமென்றால் 40 லிட்டர், அதற்கேற்ப இன்ஜினும் இரண்டு மடங்கு. வேகத்தின் மீது ஆசைப்படும்போது இதை நினைவில் வையுங்கள். கட்டையைத் தூக்கி வைத்து, சரி செய்து, பிளந்ததை எடுத்துப் போடுவதிலேயே ஒருவருக்கு நேரம் போய்விடும். 12 விநாடி மெதுவாகத் தெரியாது.

திரும்பி வருவது இதைவிட வேகமாக நடக்கும், ஏனென்றால் ராடு (பிஸ்டனோடு இணைந்த தண்டு) இருக்கும் பக்கத்தில் ஆயிலுக்கு இடம் குறைவு. 50 மில்லிமீட்டர் ராடு என்றால் திரும்ப 9 விநாடி. அந்த நேரத்தில் மறுபக்கத்திலிருந்து டேங்குக்குத் திரும்புகிற ஆயில் 20 லிட்டர் அல்ல, சுமார் 27 லிட்டர் வேகத்தில் வரும். ரிட்டர்ன் லைனும் பில்டரும் அந்த 27-ஐத் தாங்க வேண்டும். இதைப் பலர் கவனிக்காமல் பம்பின் அளவுக்கே பில்டர் வாங்கிவிடுகிறார்கள்.

எந்த வகைப் பம்ப்

கியர் பம்ப். வீட்டுப் பட்டறைக்கு இதைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை. விலை குறைவு, 200 பார் வரை சாதாரணமாக ஓடும், கொஞ்சம் அழுக்கையும் பொறுத்துக்கொள்ளும், பழுதானால் எங்கும் மாற்றுப் பம்ப் கிடைக்கும். வேன் பம்ப் சத்தம் குறைவாக ஓடும், ஆனால் அதே அழுத்தத்துக்கு விலை அதிகம். பிஸ்டன் பம்ப் 300 பாருக்கு மேலும் போகும், ஆனால் ஆயில் சுத்தமாக இல்லாவிட்டால் சீக்கிரம் போய்விடும்.

காரிலிருந்து கழற்றிய பவர் ஸ்டியரிங் பம்பை வைத்துச் செய்யலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அது நிமிடத்துக்குச் சில லிட்டர்தான் தரும், அதன் உள்ளேயே அழுத்தத்தையும் ஓட்டத்தையும் கட்டுப்படுத்தும் வால்வுகள் இருக்கும். சின்ன ஜாக் தூக்கப் போதும். 12 டன் சிலிண்டருக்கு ஆகாது. பேக்ஹோ வண்டியிலிருந்து எடுத்த பெரிய பம்ப் இதற்கு நேர்மாறான சிக்கல்: ஒரு சுற்றுக்கு அது தள்ளுகிற ஆயில் அதிகம், அதைச் சுற்ற உங்கள் இன்ஜினால் முடியாது.

இரண்டு நிலைப் பம்ப் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் விறகு பிளக்கும் இயந்திரங்களில் பரவலாகப் போடுவது. ஒரே உடலுக்குள் பெரிய கியர் ஜோடி ஒன்று, சிறியது ஒன்று. எதிர்ப்பு இல்லாதபோது இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் தள்ளும். அழுத்தம் 40 பாரைத் தாண்டுகிற இடத்தில் பெரிய ஜோடியின் ஆயில் தானாகத் திரும்பிப் போய்விடும், சிறியது மட்டும் 11 லிட்டர் வேகத்தில் 150 பாருக்கு மேலும் தள்ளும். கணக்குப் போட்டால் இரண்டு நிலையிலும் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய ஒன்றுதான், 2.7 கிலோவாட். அதனால்தான் 200 சிசி பெட்ரோல் இன்ஜினை வைத்தே அவர்கள் வேகமாகவும் பலமாகவும் பிளக்க முடிகிறது. இந்தப் பம்ப் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். கிடைக்காவிட்டால் இரட்டைக் கியர் பம்ப்போடு, அழுத்தம் ஏறியதும் ஒரு பம்பின் ஆயிலை டேங்குக்குத் திருப்பிவிடும் அன்லோடிங் வால்வு சேர்த்து அதே பலனைப் பெறலாம், பைப் வேலை கூடும் என்பதைத் தவிர வேறு நஷ்டமில்லை.

பம்பின் அளவு: எத்தனை சிசி

பம்பை அழுத்தத்தையும் லிட்டரையும் சொல்லி வாங்கக் கூடாது. ஒரு சுற்றுக்கு எத்தனை சிசி என்று கேட்டு வாங்க வேண்டும். லிட்டர் என்பது நீங்கள் சுற்றும் வேகத்தைப் பொறுத்தது.

நிமிடத்துக்கு லிட்டர் = சிசி × ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ÷ 1000. உள்கசிவுக்காக இதில் 8 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள்.

1440 ஆர்பிஎம் மின்மோட்டாரில் 14 சிசி பம்ப் 18.5 லிட்டர் தரும். 2800 ஆர்பிஎம்மில் ஓடும் பெட்ரோல் இன்ஜினில் 8 சிசி பம்பே 20 லிட்டருக்குச் சற்று மேலாகத் தந்துவிடும். ஒரே வேலைக்கு இரண்டு வேறு பம்ப். மோட்டாருக்கு வாங்கியதை இன்ஜினில் மாட்டினால் ஏன் ஓடவில்லை என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

பழைய பம்பில் பெயர்ப்பலகை தேய்ந்து போயிருந்தால், உறிஞ்சும் துளையில் ஆயில் ஊற்றி நிரப்பிக்கொண்டு, ஷாப்டைக் கையால் மெதுவாகப் பத்துச் சுற்று சுற்றி, வெளியே வருவதை அளவுக் குவளையில் பிடியுங்கள். பத்தால் வகுத்தால் சிசி கிடைத்துவிடும். பெரிய துளைதான் உறிஞ்சும் பக்கம். ஷாப்ட் பக்கவாட்டில் ஆடுகிறதா, சீல் ஓரத்தில் ஈரம் இருக்கிறதா, சுற்றும்போது ஏதாவது இடத்தில் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஆடினால் வேண்டாம். பெயர்ப்பலகை இருந்தால் இன்னும் நல்லது: பெங்களூரு யூகென், டைனமேட்டிக் போன்ற நிறுவனங்களின் பம்புகளுக்கு மாடல் எண்ணைக் கொண்டே சிசி, அதிகபட்ச வேகம், அழுத்தம் எல்லாம் தெரிந்துகொள்ளலாம்.

இன்ஜின்: ஹெச்பியைப் பார்க்காதீர்கள், முறுக்குவிசையைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

முதலில் சக்திக் கணக்கு. பார் × லிட்டர் ÷ 600 என்பது கிலோவாட். 150 × 20 ÷ 600 = 5 கிலோவாட். பம்பில் வீணாவதைச் சேர்த்தால் 5.9, அதாவது 8 ஹெச்பி.

மின்மோட்டார் என்றால் இங்கேயே கணக்கு முடிந்தது. 14 சிசி பம்புக்கு 7.5 ஹெச்பி மும்முனை மோட்டார் போதும். 12 டன் தேவைப்படுவது கட்டை பிளக்கிற அந்தச் சில விநாடிகள்தான். மோட்டார் அதன் பெயர்ப்பலகை அளவைவிடச் சற்று அதிகமான சுமையைச் சிறிது நேரம் தாங்கிக்கொள்ளும். வீட்டு ஒருமுனை இணைப்பில் 3 ஹெச்பிக்கு மேல் யோசிக்காதீர்கள். பம்புசெட்டுக்கான இலவச விவசாய மின் இணைப்பில் இதை ஓட்டலாமா என்பதை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இன்ஜினுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதன் அதிகபட்ச முறுக்குவிசையை, அதாவது ஷாப்டைச் சுற்றும் பலத்தை, ஒரு துளி தாண்டினாலும் நின்றுவிடும். விளம்பரத்தில் போடுகிற ஹெச்பி 3600 ஆர்பிஎம்மில், புது இன்ஜினில், முழுத் திறப்பில் கிடைப்பது. ஆகவே மின்மோட்டாருக்கு வேண்டிய ஹெச்பியைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பெட்ரோல் இன்ஜின் வேண்டும் என்பது பொதுவான வழக்கம். அதைவிட நம்பகமானது நேரடியாக முறுக்குவிசையைக் கணக்கிடுவது:

நியூட்டன் மீட்டர் = சிசி × பார் ÷ 63. வரும் விடையை 0.9-ஆல் வகுக்கவும்.

8 சிசி பம்ப், 150 பார்: 1200 ÷ 63 = 19. அதை 0.9-ஆல் வகுத்தால் 21 நியூட்டன் மீட்டர்.

இப்போது இன்ஜின்களைப் பாருங்கள். ஹோண்டா ஜிஎக்ஸ் 200 இன்ஜினின் அதிகபட்ச முறுக்குவிசை 12.4 நியூட்டன் மீட்டர். இந்தப் பம்பை அதில் மாட்டினால் 90 பாரை எட்டும் முன்பே நின்றுவிடும். ஜிஎக்ஸ் 390 என்றால் 2500 ஆர்பிஎம்மில் 26.5. நமக்கு வேண்டியது 21, அதாவது அதன் ஐந்தில் நான்கு பங்கு. இதுதான் சரியான பொருத்தம், மீதி ஒரு பங்கு தேய்மானத்துக்கும் வெயிலுக்கும் இருக்கட்டும். இதே வடிவத்தில் 13 ஹெச்பி என்று விற்கப்படும் மலிவான 389 சிசி இன்ஜின்கள் பல உண்டு. ஹோண்டாவே இந்த அளவு இன்ஜினுக்குச் சொல்லும் நிகர சக்தி 11.7 ஹெச்பிதான் என்பதை வைத்து அந்த 13-ஐ எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

டீசல் வைத்திருக்கிறவர்களுக்கு: 1500 ஆர்பிஎம்மில் 5 ஹெச்பி தரும் கிர்லோஸ்கர் வகை ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் சுமார் 23.5 நியூட்டன் மீட்டர் தரும். 8 சிசி பம்பை 150 பாரில் சுற்றிவிடும், ஆனால் 1500 ஆர்பிஎம்மில் ஆயில் 11 லிட்டர்தான் வரும். சிலிண்டர் போக 21 விநாடி ஆகும். வேகம் வேண்டாம், ஆயுள் வேண்டும் என்கிறவருக்கு இது அருமையான ஜோடி. எடை 100 கிலோவுக்கு மேல் என்பதால் ஓரிடத்தில் நிலையாக வைத்து ஓட்டுகிற வேலைக்கே ஏற்றது.

பெல்ட் போட்டுப் புல்லி மாற்றினால் கூடுதல் சக்தி வருமா என்று கேட்பவர்களுக்கு: வராது. முறுக்குவிசை கூடும் அளவுக்கு வேகம் குறையும், லிட்டரும் குறையும்.

கொடைக்கானல் போன்ற மலைப்பகுதியில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இன்னொரு கழித்தல் உண்டு. 300 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 3.5 சதவீதம் சக்தி குறையும். 2,100 மீட்டரில் கால் பங்கு போய்விடும். அங்கே மேலே சொன்ன 8 சிசி ஜோடி சரிப்படாது, 6 சிசி பம்ப் போடுங்கள்.

வாங்கும்போது ஷாப்டைப் பார்க்க மறக்காதீர்கள். தண்ணீர்ப் பம்போடு சேர்த்து விற்ற இன்ஜின்களில் ஷாப்ட் மரை வெட்டியதாக இருக்கலாம், அதில் கப்ளிங் மாட்ட முடியாது. சாவிக்காடி உள்ள நேரான ஷாப்ட்தான் வேண்டும். சில இன்ஜின்கள் உள்ளேயே வேகத்தைப் பாதியாக்கும் ரிடக்ஷனோடு வரும், அப்போது பம்புக் கணக்கை மறுபடி போட வேண்டும். ஷாப்ட் மில்லிமீட்டரா அங்குலமா என்பதையும் அளந்துகொண்டு கப்ளிங் வாங்குங்கள். 25 மில்லிமீட்டரும் 1 அங்குலமும் ஒன்றல்ல.

சுற்றும் திசை

கியர் பம்ப் ஒரு திசைக்கென்றே செய்யப்படுவது. மாற்றிச் சுற்றினால் அழுத்தம் ஷாப்ட் சீல் பக்கம் போய்ச் சீலைத் தள்ளிவிடும்.

பம்பின் ஷாப்டை உங்கள் முகத்துக்கு நேராக, மேல்பக்கம் இருக்கும்படி பிடியுங்கள். பெரிய துளை இடது பக்கமும் சிறிய துளை வலது பக்கமும் இருந்தால் அது கடிகாரச் சுற்றுப் பம்ப். ஜிஎக்ஸ் வகைப் பெட்ரோல் இன்ஜின்கள் ஷாப்ட் பக்கமிருந்து பார்க்க எதிர்க் கடிகாரமாகச் சுற்றுபவை. இரண்டு ஷாப்டும் எதிரெதிரே பார்த்து நிற்பதால் அவற்றுக்குக் கடிகாரச் சுற்றுப் பம்ப்தான் பொருந்தும். மும்முனை மோட்டாரில் இந்தத் தலைவலி இல்லை, இரண்டு ஒயர்களை மாற்றினால் திசை மாறிவிடும்.

இரண்டையும் இணைப்பது

நடுவில் ரப்பர் ஸ்பைடர் உள்ள கப்ளிங் போடுங்கள். பட்டறைகளில் லவ்ஜாய் என்று கேட்டாலே தருவார்கள். இன்ஜினும் பம்பும் தனித்தனிக் கோணப் பட்டையில் நிற்பதைவிட, லேத்தில் கடைந்த ஒரு பெல் ஹவுசிங்கில் (இன்ஜினையும் பம்பையும் நேராகக் கோர்க்கும் மணி வடிவக் கூடு) பம்ப் உட்கார்ந்திருப்பது எவ்வளவோ மேல். மையம் தானாகவே நேராக வந்துவிடும். கப்ளிங்கின் இரண்டு பாதிக்கும் நடுவே 1 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். சுத்தியால் தட்டிப் பம்ப் ஷாப்டில் கப்ளிங் ஏற்றக் கூடாது, உள்ளே இருக்கும் தட்டுகள் கெட்டுவிடும். பெல்ட் வைத்தே ஆக வேண்டும் என்றால், பெல்ட்டின் இழுப்பைத் தாங்கத் தனி பேரிங் போட்டு அதிலிருந்து பம்பை ஓட்டுங்கள். சாதாரணக் கியர் பம்பின் புஷ் பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது.

பம்பைச் சுற்றி இருப்பவை

உறிஞ்சும் லைன்தான் பம்பின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. 20 லிட்டருக்கு 1 அங்குலம், உள்ளே கம்பிச் சுருள் உள்ள ஹோஸ், முடிந்த அளவு குட்டையாக. டேங்கில் ஆயில் மட்டம் பம்புக்கு மேலே இருக்கட்டும். உறிஞ்ச முடியாமல் திணறும் பம்ப் உள்ளே சரளைக்கல் உருள்வதுபோல் சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள், அரித்துப் போன பம்பைச் சரிசெய்ய வழியில்லை. அழுத்த லைனுக்கு அரை அங்குலம், இரட்டைக் கம்பி வலை ஹோஸ். ரிட்டர்னுக்கு முக்கால் அங்குலம். தண்ணீர்க் குழாய்க்கான ஜிஐ பிட்டிங்கை அழுத்தப் பக்கம் ஒருபோதும் போடாதீர்கள்.

அழுத்தம் நாம் வைத்த அளவைத் தாண்டினால் ஆயிலை டேங்குக்குத் திருப்பிவிடுகிற ரிலீஃப் வால்வு இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை, ஆயிலை நகர்த்துகிறது. போக வழியில்லாவிட்டால் ஏதாவது ஒன்று உடைகிற வரை அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பம்பை விட்டு வெளியே வந்ததும் முதல் பொருளாக ரிலீஃப் வால்வும் அழுத்தத்தைக் காட்டும், கிளிசரின் நிரப்பிய 250 பார் கேஜும் இருக்கட்டும். கட்டுப்பாட்டு வால்வு, நடுநிலையில் ஆயிலை நேராக டேங்குக்கு விடுகிற ஓபன் சென்டர் வகையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கயிறு இழுத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே முடியாது. நெம்புகோல், கையை எடுத்ததும் தானாக நடுவுக்கு வருவதாக வாங்குங்கள்.

டேங்க் 40 லிட்டருக்குக் குறையாமல், உறிஞ்சும் இடத்துக்கும் திரும்பும் இடத்துக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடோடு. நாள் முழுக்க ஓடுமென்றால் 60. ரிட்டர்னில் 25 மைக்ரான் பில்டர். ஆயில், நம் வெயிலுக்கு ஐஎஸ்ஓ விஜி 68 தடிப்பு உள்ள ஹைட்ராலிக் ஆயில். சிலிண்டர் முட்டி நிற்கும்போது நெம்புகோலைப் பிடித்துக்கொண்டே இருந்தால் 5 கிலோவாட்டும் சூடாக மாறி 40 லிட்டர் ஆயிலை நிமிடத்துக்கு 4 டிகிரிக்கு மேல் சூடேற்றும். 60 டிகிரிக்குள் வைத்திருக்கப் பாருங்கள்.

முதல்முறை ஓட்டும்போது

பம்பின் உள்ளும் உறிஞ்சும் ஹோஸிலும் ஆயில் நிரப்புங்கள். ரிலீஃப் வால்வை முழுதும் தளர்த்தி வையுங்கள். ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டுக் கயிற்றைச் சில முறை இழுத்தால் ஆயில் ஏறும். பிறகு ஸ்டார்ட் செய்து குறைந்த வேகத்தில் சில நிமிடம் விடுங்கள், சிலிண்டரைச் சுமையில்லாமல் முழு நீளம் பலமுறை ஓட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். ஆயில் மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். அதன் பின் சிலிண்டரை முட்டவிட்டு, கேஜைப் பார்த்தபடி ரிலீஃப் வால்வைச் சிறிது சிறிதாக இறுக்கி 150-இல் நிறுத்துங்கள். 150 வரும் முன் இன்ஜின் திணறினால் வால்வை அங்கேயே விட்டுவிட்டு, முறுக்குவிசைக் கணக்கை மறுபடி பாருங்கள்.

கசிவு எங்கே என்று கையால் தடவித் தேடாதீர்கள். 150 பாரில் ஊசித் துளை வழியே வரும் ஆயில் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே சின்னக் கீறல்போலத்தான் தெரியும், வலிகூட உடனே இருக்காது, ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் விரலோ கையோ போகும் காயம் அது. அட்டைத் துண்டை நீட்டித் தேடுங்கள். பட்டுவிட்டால் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

முதல் சில நாள் வேலைக்குப் பிறகு பெல் ஹவுசிங் போல்ட்டுகளையும் கப்ளிங் ஸ்க்ரூவையும் மறுபடி இறுக்குங்கள், ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு அவற்றைத் தளர்த்தியிருக்கும். ரிட்டர்ன் பில்டரை முதல் 50 மணி நேரத்தில் மாற்றிவிடுங்கள். வெல்டிங் பொடியும் கடைசல் தூளும் அதிகம் சேர்வது அந்த முதல் பில்டரில்தான்.